பந்து வைத்திருப்பவர் மட்டும் பேசலாம்

ஐம்பத்திரண்டு வயதில், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "உங்கள் கருத்துக்கு நன்றி, வேறு யாராவது?" என்று கனிவாகச் சொல்லிப் பழகியவன் நான். முகத்தில் கனிவு வரவில்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறவன் போல இருந்தது. கதவுக்கு வெளியே மனைவி, "உள்ள யாரோட பேசுறீங்க?" என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "நல்ல கேள்வி" என்றேன்.

துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. யார் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று மேலிடத்தில் யோசித்துப் பார்த்து, கூட்டம் நடத்தும் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். நகரத்தின் தெற்கே ஒரு ஓட்டல் ஹால். ஏசியில் விறைத்து, ஐஸ் போட்ட சங்கரா மீன் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பயிற்றுநருக்கு மீசை வந்தே கொஞ்ச நாள்தான் இருக்கும். எல்லாரையும் வட்டமாக உட்கார வையுங்கள், வட்டத்தில் மேல் கீழ் கிடையாது என்றார். ஒரு ஸ்பாஞ்சு பந்தைக் காட்டி, இது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்பார்கள் என்றார். முக்கியமாக, நடத்துகிறவனுக்குச் சொந்த அபிப்பிராயமே இருக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பாடம் எனக்குச் சுலபமாக வந்தது. கல்யாணமாகி இருபத்துச் சொச்சம் வருஷம் ஆகிறது.

திரும்பி வந்தபோது எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ச் சண்டை முற்றியிருந்தது. கல்மண்டபம் பக்கம், முன் பிளாக், பின் பிளாக் என்று இரண்டே கட்டடம். தண்ணி லாரி இதுவரை இரண்டு இடத்திலும் நின்றது. இனி ஒரு இடத்தில்தான் நிற்கும், எங்கே என்று ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் போனில் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் முன் கேட்தான் என்று லாரி டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முன் கேட் என்பது முன் பிளாக்கில் என் வீட்டு ஜன்னலடி. இதைத் தெரிந்துகொண்டே, "நான் நடுநிலையாக நடத்தித் தருகிறேன்" என்று முன்வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை, சர்ச்சில் பூசை முடிந்து, மீன் வாங்கி, குழம்பு அடுப்பில் ஏறுவதற்குள் கூட்டம். பந்தல் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து முற்றத்தில் வட்டமாகப் போட்டேன். வந்தவர்கள் ஒரு நிமிஷத்தில் அதை இரண்டு பிறை நிலாவாக்கினார்கள். இந்தப் பக்கம் முன் பிளாக், அந்தப் பக்கம் பின் பிளாக், நடுவில் ஆட்டோ போகிற அளவு இடம்.

"சார், இன்னாத்துக்கு வட்டம்? மியூசிக்கல் சேரா?" என்றது பின் பிளாக்.

"பாட்டு நீ பாடு, நாங்க ஓடுறோம்" என்றது முன் பிளாக்.

நான் மஞ்சள் பந்தைத் தூக்கிக் காட்டி விதியைச் சொன்னேன். பந்து உள்ளவர் பேசலாம், முடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். "அடுத்தது யாருன்னு எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். அங்கேதான் வாய் தவறிற்று. "வரிசையாக" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. லாரிக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டுப் போனால் குடம்தான் ஆள். ஆளை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், குடத்தில் கை வைக்கக் கூடாது. சொல்லி வாய் மூடுவதற்குள் என் காலடியிலிருந்து ஒரு வரிசை கிளம்பியது. செருப்பு, ஹெல்மெட், மார்க்கெட் பை, குக்கர் மூடி. முன் பிளாக் அம்மாள் ஒருத்தி மூன்று பொருளை வைத்தாள். "இது எனக்கு, இது மாடி வூட்டுக்கு, இது எங்க நாத்தனாருக்கு."

"நாத்தனார் எங்க?"

"வண்ணாரப்பேட்டைல துணி எடுத்துகினு கீறா. வந்துருவா."

கேட்பதற்கு நல்ல ஜனநாயகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: முன் பிளாக்காரர்களுக்குப் பேச ஒன்றுமில்லை. பன்னிரண்டு அடித்தால் அவர்களுக்கு ஜெயம். பந்தை வாங்கி ஒருவர் தண்ணீரின் அருமையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் எனக்கு நன்றி சொன்னார், விலாவாரியாக. நானும் ஒவ்வொருவருக்கும், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றேன், பல்வலி முகத்தோடு. பின் பிளாக்கிலிருந்து, "டைம் பாஸ் பண்ணிகினு கீறானுங்க, இந்தாளு பல்லக் காட்டிகினு கீறாரு" என்று சத்தம் வந்தது. பந்து இல்லாமல் பேசக் கூடாது என்று அவர்களை அடக்கினேன். இதற்கும் பயிற்சி உண்டு.

வரிசையில் அப்போது முன்னால் இருந்தது ஒரு ஒற்றைச் செருப்பு. பின் பிளாக் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண்ணுடையது. இரண்டையும் விட்டால் ஒன்று காணாமல் போகும் என்று ஒரு காலில் மாட்டிக்கொண்டே நின்றிருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடக்கிறார். தினமும் அவரைக் கழுவி, படுக்கையைத் துவைத்தாக வேண்டும். லாரி முன்னால் நின்றால் ஒவ்வொரு குடத்துக்கும் முற்றம் முழுக்க நடந்து மூன்று மாடி ஏற வேண்டும். இது முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவள் பேசிவிடக் கூடாது என்று முன் பிளாக்கில் இருந்தார்கள்.

செருப்புக்கு அடுத்தது என் மனைவியின் பை. பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கால் கட்டைவிரலால் அந்தச் செருப்பைப் பின்னுக்குத் தள்ளினாள். பை முன்னால் வந்தது. பந்தை வாங்கக் கை நீட்டினாள்.

"அடியே! என் செருப்ப எவடி தள்ளுனது?"

"யாரு தள்ளுனா? அது அங்கதான் இருந்துச்சு."

இரண்டு பிறையும் எழுந்து நின்றன. யார் யார் பரம்பரையில் யார் யார் என்ன திருடினார்கள் என்பது வெளியே வந்தது. ஒரு நாற்காலி கவிழ்ந்தது. மூன்றாம் மாடிக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"நீதான எதிர்ல நின்னுகினு கீற? இன்னா பாத்த? சொல்லு."

நடத்துகிறவனுக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அடுத்த ஆறு மாதச் சாப்பாடு இருந்தது. கூட்டம் நடத்துகிறவன் ஒருத்தன்தான் எல்லாருக்கும் எதிரே நிற்கிறான், அதனால் எல்லாவற்றையும் பார்த்துத் தொலைக்கிறான் என்பதை அந்தப் பயிற்றுநர் சொல்லவே இல்லை.

"செருப்புதான் முன்னால இருந்துச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் கேட்டது.

"வூட்டுக்காரியையே காட்டிக் குடுத்துட்டாருய்யா!" என்றது முன் பிளாக். அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது.

மூன்றாம் மாடிக்காரி பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் எவன்கிட்டயும் கெஞ்சல. ஒரு நாளு முன்னாடி, ஒரு நாளு பின்னாடி. ஆவாதுன்றவன் மூணு மாடி ஏறி, என் வூட்டுக்காரர் மூஞ்சியப் பாத்து அத சொல்லிட்டு வரட்டும். நான் இங்கயே நிக்கறேன்."

நின்றாள், ஒற்றைச் செருப்போடு. யாரும் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. முன் பிளாக்கில் ஒருவர் சட்டைப் பித்தானைச் சரிசெய்தார். அவளே என் கையிலிருந்த போனை வாங்கி, லாரிக்காரரைக் கூப்பிட்டு, ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால் என்று சொன்னாள். பிறகு பந்தை என்மேல் எறிந்துவிட்டு, இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நன்றியெல்லாம் இல்லை.

அன்று மீன்குழம்பு இருந்தது, எனக்கு வால் துண்டு. லாரி பின்னால் நிற்கிற முதல் நாள் காலையில் மனைவி இரண்டு காலிக் குடத்தை என் செருப்புப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் முற்றத்தைக் கடந்து தண்ணீர் சுமக்கிறேன். ஒருமுறை வேட்டி நனைந்து, மூச்சு வாங்கி, பின் பிளாக் படிக்கட்டைத் தாண்டுவதற்குள்ளேயே குடத்தை இறக்கி வைத்திருந்தபோது மூன்றாம் மாடிக்காரி இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகக் கடந்து போனாள். இரண்டடி போய் நின்று, நான் வந்த வழியெல்லாம் ஈரமாக இருந்ததைப் பார்த்தாள்.

"கூட்டம் நடத்துன மாரியே தூக்கற, அண்ணாத்தே" என்றாள். "வூடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி கீய கொட்டிப்புடுது."