மண்டபத்தில் பதினொரு நாள்

வௌவால் எச்சமும் பழைய சந்தனமும் கலந்த வாடை. தஞ்சாவூரில் அந்த மண்டபத்தின் பெரிய கதவு திறந்தபோது முதலில் முகத்தில் அடித்தது அதுதான். எனக்கு அப்போது பத்து வயது. மிராசுதார்கள் சேர்ந்து பாட்டுக் கச்சேரிக்காகக் கட்டிய மண்டபம் அது. புது ஆட்சி வந்த பிறகு கச்சேரிகள் குறைந்து, ஒரு வாரம் கட்சிக் கூட்டம், மறு வாரம் கைத்தறிக் கண்காட்சி, நல்ல நாளென்றால் கல்யாணம் என்று வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவார் யாரும் அதுவரை அதற்குள் போனதில்லை. போனது வீடு இழந்ததால்தான்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அந்த வருஷம் சம்பா அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டதால் பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்க, அப்பாவும் மற்றவர்களும் வரப்பில் நின்று மறித்தார்கள். போலீஸ் வந்து ஆண்களை அழைத்துப்போன மறுநாள் காலை, பண்ணை ஆட்கள் எங்கள் ஒன்பது குடிசைகளையும் பிரித்துப் போட்டார்கள். மண் பண்ணையுடையது, குடியிருக்க விட்டது "தயவு" என்றார்கள். ஆண்கள் வெளியே வந்ததும், விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் எல்லோரையும் ரயிலேற்றிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பண்ணையாரோடு பேச்சுவார்த்தை முடியும்வரை தங்கிக்கொள்ளச் சொல்லி அன்று சாயங்காலமே அதிகாரிகள் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள்.

"வாங்கம்மா, நாற்காலியில உட்காருங்க" என்றார் காவலாளி. அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். "யாரைடி கூப்பிடுறாரு?" என்று என் காதில் கேட்டாள். கடைசிவரை தரையில்தான் உட்கார்ந்தாள். சுவரில் மண்டபம் கட்டப் பணம் தந்தவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது எங்கள் பண்ணையாரின் அப்பா. "அவரு பார்த்துக்கிட்டே இருக்காரு, சோறு எறங்கல" என்று அம்மா முனகியதைக் கேட்ட காவலாளி, ஏணி போட்டு ஏறி, ஒரு பழைய திரைத்துணியை அந்தப் படத்தின்மேல் போட்டுவிட்டு இறங்கினார்.

பதினோராவது நாள் காலை அதே மண்டபத்து மேடையில் பேச்சுவார்த்தை நடந்தது. பண்ணையாரும் அதிகாரிகளும் நாற்காலிகளில். அப்பா நின்றுகொண்டே பேசினார். பழைய இடத்திலேயே குடிசை போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்கக்கூடாது என்று எழுதி, பண்ணையார் கையெழுத்துப் போட, அப்பா ரேகை வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். "சர்க்காரே எழுதிக் குடுத்திருச்சு. இனிமே நம்மள எவன் அசைக்க முடியும்?" என்றார் அப்பா. அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை. மறுநாள் அங்கே ஒரு கல்யாணம். நாங்கள் வெளியேறும்போதே வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்தோம். குடிசைகள் இருந்த இடம் முழுவதையும் உழுது உளுந்து விதைத்திருந்தார்கள். முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. "அடுப்பு இங்கதான இருந்துச்சு" என்று அம்மா வரப்பில் நின்றபடி கைநீட்டிக் காட்டினாள். இறங்கி மிதித்திருக்கலாம். பயிரை மிதித்துப் பழகாத கால்கள்; ஒன்பது குடும்பத்தில் ஒருவரும் இறங்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி, "பயிர் நிக்குதேப்பா, அழிச்சா உன்மேலதான் கேஸ் வரும். அறுப்பு முடியட்டும்" என்றார். உளுந்து அறுத்த கையோடு குறுவைக்கு நாற்றங்கால் விட்டார்கள். பிறகு சம்பா. அந்த மண் ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை.

வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டோம். அப்பா பல வருஷம் அந்த ஒப்பந்த நகலை மடித்து எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு மனுக் கொடுக்கப் போய்வந்தார். கடைசியில் மடிப்புகளில் கிழிந்து அது நான்கு துண்டாகிவிட்டது. ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பியது. நான் படித்து டீச்சரானேன். தேர்தல் பயிற்சி வகுப்புக்காக ஒருமுறை அந்த மண்டபத்துக்குப் போனபோது, பாதியை மறித்து ரேஷன் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மேடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது மண்டபமே இல்லை. இடித்துவிட்டு ஒரு துணிக்கடைக்கு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். போன மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பிழை இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்தேன். முகவரி என்ற இடத்தில் "வாய்க்கால் கரை" என்று போட்டிருந்தது. கதவு எண்ணுக்கான கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. பிழை எதுவும் இல்லை.