சவரிமுத்து அங்கிள் காருக்குத் தண்ணீர் பீய்ச்சினோம்

பழைய டீசல் காரில் மலையேறப் போகிறவர்களுக்கும், அந்தக் காரைச் செய்து கொடுக்கும் எங்களைப் போன்ற வொர்க்‌ஷாப்காரர்களுக்கும் கடவுள் ஒரே அளவு பொறுமையைத்தான் கொடுத்திருக்கிறார். அது பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். பட்டவர்களுக்குத் தெரியும்.

டீசலுக்குத் தண்ணியா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், கிள்ளானில் எங்களுக்கு ஒரு சின்ன வொர்க்‌ஷாப். என் வீட்டுக்காரர் போமன், அதாவது மெக்கானிக். நான் கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கைப்பிள்ளையை ஸ்பிரிங் தொட்டிலில் போட்டுவிட்டு அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனேன். கொஞ்ச நாளில் ஸ்பேனர் என் கையிலேயே தங்கிவிட்டது.

ஒருநாள் பண்டமாரானிலிருந்து சவரிமுத்து அங்கிள் தம் பழைய டர்போ டீசல் காரோடு வந்தார். மகளைக் கேமரன் மலையில் கட்டிக் கொடுத்திருந்தார். போகும்போதெல்லாம் பாதி மலையில் கார் கரும்புகை கக்கி நின்றுவிடும். மருமகன் காய்கறி லோரியில் வந்து கட்டி இழுத்துப் போவார். அடுத்த மாதம் பேரனுக்கு ஞானஸ்நானம். "இந்தத் தடவையும் லோரி பின்னால போனேன்னா, காரை அங்கேயே வித்துட்டு பஸ்ல வந்துடுவேன்" என்றார்.

டர்போ தள்ளும் காற்று கொதிக்கிறது, அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து பனி மாதிரி பீய்ச்சினால் காற்று குளிரும், இழுவையும் கூடும் என்று நான் விளக்கினேன். அங்கிள் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தம்பி, டீசல்ல தண்ணி கலந்துடுமோன்னு பயந்து பயந்து முப்பது வருசம் ஓட்டினேன். உன் சம்சாரம் அவங்களே ஊத்தறேன்றாங்களே லா!"

பாதிக்குப் பாதி

காரின் பின்பெட்டியில் ஒரு டாங்கி, ஒரு பம்ப், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் ஊசிமுனை மாதிரி ஒரு நாசில். டர்போ அழுத்தித் தள்ளும்போது மட்டும் பீய்ச்ச ஒரு சுவிட்ச். குழாயைக் கழற்றி வைத்து, இரும்புத் தூள் உள்ளே போகாமல் நானே துளை போட்டேன். முதலில் வைத்த நாசில் பெரிது. எஞ்சின் சளி பிடித்த பிள்ளை மாதிரி இருமியது. சின்னதை மாற்றினேன், அடங்கியது.

பேட்டரிக்கு ஊற்றுகிற, உப்பே இல்லாத சுத்தத் தண்ணீர் பாதி, மெத்தனால் பாதி. மெத்தனால் விஷம், வாயில் போனால் கண்ணே போய்விடும். அதனால் டின்னை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் அளந்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற வீட்டுக்காரர் சொன்னார்: "இனிமே கலக்கறது நீதான். நான் ஊத்தினா பாதி தரைக்குத்தான் போவுது."

ஆன்டி செய்த உதவி

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அங்கிள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மறுபடியும் புகை. நாசிலைக் கழற்றினேன், வாய் முழுக்க வெள்ளையாக உப்பு. பேட்டரித் தண்ணீரில் ஏது உப்பு? "டாங்கியில என்னத்த ஊத்தினீங்க?" என்றேன். அங்கிள் மாதா மேல் சத்தியம் செய்தார். முன் சீட்டில் அவர் மனைவி, எங்கள் ஆன்டி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்.

பிறகுதான் மெல்ல வந்தது. மாதா கோவிலில் பாதர் உப்பு போட்டு மந்திரித்த தீர்த்தம், ஒரு போத்தல் நிறைய! தண்ணீரில் ஓடுகிற கார்தானே, நல்ல தண்ணீராகவே இருக்கட்டும் என்று ஊற்றிவிட்டாராம். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. டாங்கியைக் காலிசெய்து, நாசிலைச் சுடுதண்ணீரில் கழுவி, புதிதாகக் கலந்து ஊற்றினேன். "ஆன்டி, தீர்த்தத்தை வெளிய தெளிங்க. உள்ள நான் பாத்துக்கறேன்" என்றேன். ஆன்டி விடவில்லை: "ஏம்மா, உன் தண்ணிக்கு மட்டும்தான் பவரா?"

மலையிலிருந்து போன்

ஞானஸ்நான நாளன்று எனக்கு வேலையே ஓடவில்லை. பத்து மணிக்குப் போன் அடித்தது. அங்கிள் குரல் இல்லை, மருமகன்.

"தம்பி, எந்த வளைவுல நின்னுச்சு?" என்றேன்.

"எங்க நின்னுச்சு அக்கா! நான் லோரியோட பாதி மலையில காத்திருந்தேன், மாமா ஹாரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டாரு. இப்ப கோவில் வாசல்ல போனட்டைத் திறந்து வெச்சு ஊருக்கே வெளக்கம் சொல்றாரு, பாதர் உள்ள காத்துக்கிட்டிருக்காரு. நீங்களாவது சொல்லுங்கக்கா, பிள்ளைக்குத் தண்ணி ஊத்தணும்!"

மலையில் நிற்காத காரைச் செய்து கொடுத்துவிடலாம். அதன் சொந்தக்காரர் வாயை நிறுத்தத்தான் எந்தக் கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பதில்லை.