கண்ணாடி அறையில் குடைந்த கிடார்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில், பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சி.என்.சி. மிஷின் அங்கே முதன்முதலாக வந்தபோது, அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைப் படிக்க முதலாளி என்னைப் பெங்களூருக்கு அனுப்பினார். போகும்முன் என் டிப்ளமோ சான்றிதழ்களை வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்துத் தருவதாகப் பேச்சு. நான்காவது வருஷமும் முடியும் தறுவாயில் இருந்தது. கேட்கும்போதெல்லாம், "இன்னொரு ஆள் பழகட்டும்லே" என்பார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மிஷின் இருந்தது ஏ.சி. போட்ட கண்ணாடி அறையில். தூசி வரக்கூடாது என்று கதவைச் சாத்தியே வைத்திருப்போம். வெளியே மழை பெய்ததா என்பதுகூட ஷிப்டு முடிந்து தரை ஈரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சர்ச் பாடல் குழுவுக்கு நான்தான் கிடார். அந்த ஐப்பசியில் வீட்டுக் கூரை ஒழுகி, கிடாரின் உடல் ஊறிப் பிளந்துவிட்டது. கழுத்து மட்டும் தப்பியது. புது உடலை மிஷினிலேயே வெட்டினால் என்ன என்று தோன்றியது.

மரக்கடையில் நாலு பலாப் பலகை வாங்கினேன். கிடாரின் இடுப்பு வளைவைப் பழைய உடலிலிருந்து அளந்து, ஒவ்வொரு புள்ளியாக மிஷினில் புரோகிராம் அடித்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சூடு தணிக்கப் பாயும் கூலன்ட்டை நிறுத்திவிட்டு, பலகையை உள்ளே குடைந்து வளையமாக எடுப்பேன். முதல் வளையம் ஆழமாக வெட்டப்போய், மர ரேகை வாக்கில் முறிந்தது. இன்னொரு பலகை வாங்கி வந்து, பிறகு மெல்லிசாகப் பலமுறை ஓட்டினேன். நாலு வளையங்களை வீட்டில் அடுக்கி ஒட்டி, மேலும் கீழும் மெல்லிய பலகை வைத்து மூடி, பழைய கழுத்தைப் பொருத்தினேன். வெட்டும் நாட்களில் தலையெல்லாம் பலா மரத்தின் மஞ்சள் தூள்.

"என்னலே, மஞ்சத் தண்ணியில குளிச்சியா?" என்றார் பக்கத்து லேத்துக்காரர்.

ஏ.சி.யைச் சுத்தம் செய்ய வந்தவர் அதே தூளைக் கை நிறைய அள்ளி முதலாளியிடம் காட்டிவிட்டார்.

"மிஷின்ல மரத்தை ஓட்டினியாலே?"

"ஆமா மொதலாளி. மூணு வாரமா."

மனசுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. வேலையை விட்டு அனுப்பினால் சான்றிதழைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்.

"கொண்டா, பாப்போம்" என்றார்.

மறுநாள் கிடாரை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனேன். ஒட்டிய இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். "புரோகிராம் யாரு எழுதுனா?"

"நாந்தான்."

"வாசி."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சிரித்தார்.

"இம்புட்டு தெரிஞ்சவன வெளிய விடுவனாலே? அடுத்த மாசம் ரெண்டாவது மிஷின் வருது. ரெண்டுக்கும் நீதான் பொறுப்பு."

"மொதலாளி, என் சர்டிபிகேட்..."

"அது எங்க போயிரப்போவுது? பத்திரமா இருக்கு."

அம்மா தெருவெல்லாம் பால்கோவா கொடுத்தாள். "எம்புள்ள இனிமே இங்கனயேதான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு அந்தக் கிடாரைத்தான் வாசித்தேன். நாதம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, புது ஆள் ஒருவருக்கு நானே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. கோயம்புத்தூரில் அதற்குள் வேறு ஆள் எடுத்திருந்தார்கள். சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. போக எனக்கு வேறு இடம் இல்லை.