டார்கஸின் முன்பற்கள்

இது லண்டனில், வெக்ஸ்டன் பிரபுவின் மாளிகையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்பவர்கள், அன்று அங்கே தேநீர் குடித்த கனவான்களைக் கேட்டுப் பார்க்கலாம். அதன்பின் அவர்களில் ஒருவரும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

பிரபுவின் மனைவி ஹொனோரியா சீமாட்டி பேரழகி. வாயைத் திறக்காத வரை. முகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. புருவம் எலித்தோலை வெட்டி ஒட்டியது. சர்க்கரை தின்று தின்று முன்பல் நான்கும் சொத்தை. அவளுக்கும் ஒரு கேப்டனுக்கும் இருந்த உறவு ஊருக்கே தெரியும். பிரபு மணமுறிவு கேட்டு வழக்கே போட்டுவிட்டார். ஆனால் ஊர் வாய் வழக்குக்கு உதவாது. கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். கண்டவள் ஒருத்திதான், பணிப்பெண் டார்கஸ். அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி, கொட்டும் பனியில் தெருவுக்குத் துரத்தியாயிற்று.

இனி மாமியாரை மயக்கினால் போதும். கிழவி "என் மருமகள் உத்தமி" என்று சொல்லிவிட்டால் பிரபு வழக்கைக் கைவிடுவார். இல்லையென்றால் மணமுறிவு. பட்டம், வீடு, வைரம் எல்லாம் போகும். மயக்கச் சிரிக்க வேண்டும். சிரிக்கப் பல் வேண்டுமே!

பல் வைத்தியர் க்ரம்ப் வந்தார். ஏழைகளின் பல்லைப் பிடுங்கிப் பணக்கார வாயில் நட்டு, பட்டுநூலால் கட்டுவது அவர் தொழில். பல் விற்க வந்தவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள்.

டார்கஸ்.

"வெக்கங்கெட்டவளே, திரும்பி வந்துட்டியா?"

"பல்லு குடுக்கத்தாம்மா வந்தேன்."

"எவ்வளவு கேக்குற?"

"ஒண்ணும் வேணாம்மா. என் பல்லு உங்க வாயில இருந்தாப் போதும்."

சீமாட்டிக்கு உச்சி குளிர்ந்தது. பல்லுக்குப் பல்லும் ஆச்சு. பொக்கை வாய்ச் சாட்சி நீதிமன்றத்தில் உளறினால் யாருக்குப் புரியப் போகிறது? ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

டார்கஸ் உட்கார்ந்தாள். பாவாடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது... வெளியே மழை இல்லை.

க்ரம்ப் பிடுங்கினார். அவள் முனகக்கூட இல்லை.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு ரத்தம் இல்ல! அப்படிப்பட்ட கை இது" என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டார்.

சீமாட்டியின் சொத்தைப் பற்களைப் பிடுங்கித் தட்டில் போட்டிருந்தார். டார்கஸ் போனபின் தட்டு காலி. யாரோ குப்பையில் கொட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

புதுப் பற்கள் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தன. வாயெல்லாம் சேற்று நாற்றம். கிராம்புத் தைலத்தால் எத்தனை முறை கொப்பளித்தும் போகவில்லை.

சில நாள் கழித்துத் தேநீர் விருந்து. மாமியார் கைப்பிடி வைத்த மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்.

"எங்கே, சிரிடி பாக்கலாம். உன் அழகப் பத்தி ஊரே பேசுது. அழகப் பத்தி மட்டுமா!"

சீமாட்டி சிரித்தாள். முத்துப் பற்கள். சபையே சொக்கியது.

"அதெல்லாம் கட்டுக்கதை அத்தே. நான்..."

டக்.

பற்கள் தட்டின. அவள் தட்டவில்லை.

டக்... டக்... டக்...

கடைவாயில் தண்ணீர் வழிந்தது. பச்சைத் தண்ணீர். வெள்ளைப் பூச்சைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. கோப்பையில் ஏதோ விழுந்தது.

நெளிந்தது.

அட்டை.

யாரோ ஓங்கரித்தார்கள். சீமாட்டி வாயைப் பொத்தினாள். பற்கள் விரலைக் கடித்தன. கை தானாக விலகியது.

வாய் பேசியது. வேறு குரலில்...

"நான் பாத்தேன், பெரிய எசமானியம்மா. பிரபு வேட்டைக்குப் போன அன்னிக்கு. நீலத் திரை போட்ட கட்டில்ல. கேப்டனோட பொய்முடி தலகாணில கெடந்துச்சு. நாய்க்குட்டி அதும்மேல படுத்துத் தூங்குச்சு."

மூலையில் நின்ற கேப்டனின் கை, தன்னையறியாமல் தலைக்குப் போனது.

மாமியார் எழுந்தாள்.

"வண்டியக் கட்டு."

வழக்கு நடந்தது. சாட்சி சொல்ல டார்கஸைத் தேடி பிரபுவின் ஆட்கள் ஊரெல்லாம் அலைந்தார்கள். கடைசியில் ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவன் சொன்னான்.

"அந்தப் பொண்ணா? ஆத்துல மெதந்தா. நாந்தான் பொதச்சேன்."

எப்போது என்று கேட்டார்கள். க்ரம்ப் மாளிகைக்கு வந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு.

பிரபு நம்பவில்லை. தோண்டச் சொன்னார்.

டார்கஸ்தான். வாய் திறந்திருந்தது. முன்பல் நான்கும் இருந்தன...

கறுத்த சொத்தைப் பற்கள். புதுப் பட்டுநூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.