‘அஞ்சே நிமிஷம்’ சொல்லாமல் மனை விற்ற கதை

மனை விற்கும் தொழிலில், உலகத்தில் உள்ள எல்லா இடமும் நெடுஞ்சாலையிலிருந்து ஐந்தே நிமிடத்தில்தான் இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு நீங்கள் கண்ணை மூடும் நேரம் பார்த்து, “சார், ஒரகடம் பக்கத்துல மனை பாக்கறீங்களா?” என்று போன் செய்த குரல் என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். நீங்கள் திட்டியதை எல்லாம் கேட்டேன். மன்னித்தும் விட்டேன். போனின் அந்தப் பக்கம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

என் பெயர் பியூலா. சுங்குவார்சத்திரத்தில் மனை விற்கும் ஒரு கம்பெனியில் நாலு வருடமாக இருக்கிறேன். கணவர் சாமுவேலுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து ஆறு வாடகை வீடு மாறிவிட்டோம். இப்போது இருக்கும் வீட்டில், குடும்ப ஜெபத்தில் பாட்டுச் சத்தம் கொஞ்சம் ஏறினால் மாடியிலிருந்து வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். தாளத்துக்குத் தட்டுகிறார் என்று நினைத்து முதல் நாள் நாங்கள் இன்னொரு பாட்டும் பாடிவிட்டோம்.

இந்த வேலையில் சேரும்போது ஆண்டவரிடம் இரண்டு பொருத்தனை செய்துகொண்டேன். ஞாயிறு ஆராதனையை விட மாட்டேன். பொய் சொல்லி மனை விற்க மாட்டேன். மீன் விற்கப் போகிறவள் கையில் வாடை படக்கூடாது என்று கேட்பதைப் போலத்தான் இது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

போன வருடம் கம்பெனியில் ஓர் அறிவிப்பு வந்தது. வாலாஜாபாத் சாலைக்கு உள்ளே புதிதாகப் போட்ட லே-அவுட்டில், தீபாவளிக்குள் பன்னிரண்டு மனை விற்கும் ஊழியருக்கு அங்கேயே ஒரு மனை இலவசம். அன்றைக்கு மேனேஜர் குமரேசன் சார் அதைப் படித்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போதும் மறக்க முடியவில்லை. சொந்த மனை! நம் இஷ்டத்துக்குப் பாடலாம். அதற்குப் பிறகு ஜெபத்தில் வியாதியஸ்தர்களையும் விதவைகளையும் நான் வேகவேகமாகக் கடந்து, மனை இருக்கும் இடத்துக்கு வந்து நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி

எங்கள் தொழிலுக்கு ஞாயிறுதான் திருவிழா. கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. பஸ் ஸ்டாப்பில் வேன் நிற்கும். ஏறினால் இலவசமாக இடத்தைக் காட்டி, மதியம் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். நான் ஆறரை மணி ஆராதனைக்குப் போய்விட்டு, ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு அப்படியே வேனுக்கு ஓடிவருவேன்.

ஒரு ஞாயிறு எங்கள் போதகர் “கடைசியாக ஒன்று” என்று சொல்லிவிட்டு ஐந்தாறு விஷயம் பேசிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வேன் நிறைய ஆட்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் பாலாஜிக்கு எதையும் சமாளிக்கத் தெரியும். “இன்னா சார் அவசரம்? மேடம் உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணிக்கினு வர்றாங்க” என்று சொல்லி வைத்திருந்தான். நான் ஏறியதும் வண்டியே பயபக்தியாக எழுந்து வழிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவசரமாக மனதுக்குள் ஒரு ஜெபம் செய்து பாலாஜியின் பொய்யை உண்மையாக்கினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டயர் கம்பெனிக்காரர் குனிந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “அப்டியே எனக்கு ஜெனரல் ஷிப்ட்டு கெடைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. நைட் ஷிப்ட்டு போயி போயி, எம் பொண்ணு என்னைப் பாத்து ‘யாரும்மா இந்த மாமா’ன்றா.”

எவ்வளவு தூரம்?

குமரேசன் சார் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். வாடிக்கையாளர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். நெடுஞ்சாலை எவ்வளவு தூரம்? அஞ்சே நிமிஷம். பள்ளிக்கூடம்? அஞ்சே நிமிஷம். ஆஸ்பத்திரி? அதுவும் அஞ்சே நிமிஷம். அந்தத் தாளை நம்பினால் எங்கள் லே-அவுட்டைச் சுற்றி ஒரு நகரமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிஜத்தில் ஓர் ஏரியும் நாலைந்து மாடும் நின்றன.

பத்தாவது மனைக்கு ஒரு சூப்பர்வைசர் வந்தார். தூரம் கேட்டார். “பைக்குல இருபது நிமிஷம் சார். ஷிப்ட் விடுற நேரம்னா கம்பெனி பஸ் எல்லாம் வரிசையா வரும். நாப்பது நிமிஷம் ஆகும்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பாலாஜி தூரத்திலிருந்து தலையில் அடித்துக்கொண்டான். அவரைச் சமாதானப்படுத்தி, நானே அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நெடுஞ்சாலை வரை போய்க் காட்டினேன். பதினெட்டு நிமிடம் ஆனது. அன்றைக்கே முன்பதிவு செய்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க அஞ்சு நிமிஷம்னு சொல்லியிருந்தா நானே அதை அரை மணியா மாத்திக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இருபதுன்னதும், அய்யய்யோ, ரெண்டு மணி நேரமாயிடுமேன்னு பயந்துட்டேன் மேடம்.”

ஏழு சுற்று

வாலாஜாபாத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். எங்கள் சபை மாதிரியே இன்னொரு சபையைச் சேர்ந்தவர்கள். ரிடையர்டு ஆனவர்கள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததும் “ஸ்தோத்திரம் சிஸ்டர்” என்றார்கள். எனக்குப் பாதி வேலை முடிந்த சந்தோஷம். “பதினேழாம் நம்பர் மனை” என்று வேனிலிருந்தே கையைக் காட்டிவிட்டு, மற்றவர்களை இறக்கிக்கொண்டிருந்தேன்.

நான் போய்ப் பார்த்தபோது இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமாக ஜெபித்தபடி முள்ளிலும் கல்லிலும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஏழு சுற்று. நாலு மூலைக் கல்லுக்கும் ஜெப எண்ணெய் பூசியாகிவிட்டது. அந்த அம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நானும் ஆமென் சொல்லிவிட்டு, கல்லில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அது பதினேழாம் நம்பர் இல்லை. பூங்காவுக்கு என்று விட்ட இடம்! சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லிவிட்டேன்.

ஐயா எண்ணெய் பூசிய கல்லைக் குனிந்து படித்தார். பிறகு சிரித்துவிட்டார். “பரவால்ல சிஸ்டர், இங்க வெளையாடப் போற புள்ளைங்க ஆசீர்வாதமா இருக்கட்டும். இப்போ எங்க மனையைக் காட்டுங்க. முட்டி வலிக்குது, அங்க ஒரே சுத்தோட முடிச்சுக்கறோம்.”

கண்ணை மூடினால்

பதினோரு மனை விற்றாகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கம்பெனி எங்களுக்கு ஓர் ஓட்டலில் பயிற்சி வைத்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கோட்டு போட்டுக்கொண்டு, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். “உங்க பங்களாவைப் பாருங்க! உங்க காரைப் பாருங்க! கையைத் தூக்கி, எனக்கு வேணும்னு சொல்லுங்க!” என்றார். கண்ணை மூடிக் கையைத் தூக்கினால் என் வாயில் ஒன்றுதான் வரும். “ஆமென்!” என்று கத்திவிட்டேன். அவருக்கு அது பிடித்துப்போய், எல்லோரையும் அப்படியே சொல்லச் சொன்னார். நெற்றியில் பட்டை போட்ட குமரேசன் சாரும் ஆமென் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடியபோது நான் உண்மையாகவே என் வீட்டைப் பார்த்துவிட்டேன். நீலக் கேட்டு, வாசலில் முருங்கை, உள்ளே பூச்சாடி வைத்த ஷோகேஸ். ஆண்டவரிடம் பேசும்போது கூட எனக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் தெரிந்ததில்லை. ஒரு துண்டு நிலம் எனக்குள் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாக இருந்தது.

டீ இடைவேளையில் பாலாஜி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வந்தான். “உங்களுக்கு இன்னா வந்துச்சோ தெரில மேடம். நான் கண்ண மூடுனா பங்களா வர்ல. வூட்டு ஓனரு வந்து, மோட்டார ஏன் நிறுத்தலன்னு கேக்கறாரு.”

பன்னிரண்டாவது மனை

தீபாவளிக்கு முந்தின கடைசி ஞாயிறு வந்தவள் முத்துச்செல்வி. திருநெல்வேலிப் பக்கம். அவளும் அவள் கணவனும் இங்கே செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் லைனில் வேலை. ஒரே அறை வீட்டில் குடியிருப்பு. இரண்டு பேரும் வருடக்கணக்காக ஓவர்டைம் பார்த்துப் பணம் சேர்த்து மனை வாங்க வந்திருந்தார்கள். மிச்சமிருந்த மனைகளில் அவளுக்கு முப்பத்துநாலாம் நம்பர் பிடித்துவிட்டது. ஏரிக் கால்வாயை ஒட்டின வரிசை. “இதுதான்க்கா. பாருங்க, எம்புட்டுப் பச்சையா இருக்கு!” என்றாள்.

ஏன் பச்சை என்று எனக்குத் தெரியும். லே-அவுட்டில் மற்ற இடமெல்லாம் மேடு. அந்த வரிசை மட்டும் பள்ளம். முந்தின வருட மழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிற்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தால் அது பொய்யா? பொருத்தனையில் அப்படி ஒன்றும் இல்லையே! அவள் சரி என்றால் எனக்குப் பன்னிரண்டு முடிகிறது. வேறு மனை காட்டலாம் என்றால் மேட்டில் இருந்ததெல்லாம் விற்றுப்போய்விட்டது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வேனுக்குப் பின்னால் போனேன். “ஆண்டவரே, நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதானே?” என்று கேட்டேன். நல்ல பதில் வருகிற வரைக்கும் நின்று பார்த்தேன். வரவே இல்லை. அழுகைதான் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய், “செல்வி, இங்க மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும். வாங்காத” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் நீலக் கேட்டு போய்விட்டது. முருங்கையும் போய்விட்டது. மனசு லேசாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் வயிறு எரிந்தது.

செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நல்லவேள சொன்னியக்கா. எங்க ஊர்ல வெள்ளம் வந்தா ஆட்டையும் மாட்டையும் அவுத்து விட்ருவோம், அது பாட்டுக்கு மேட்டுக்குப் போயிரும். இங்க எங்ககிட்ட இருக்கது ஒரு மிக்ஸியும் ஒரு கட்டிலுந்தான். அதுகளுக்கு நீந்தத் தெரியாதுல்லா!”

தீபாவளிக்குப் பிறகு

மறுநாள் குமரேசன் சார் கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் திட்டினார். “வியாபாரம் பண்ண வந்தீங்களா, ஊழியம் பண்ண வந்தீங்களா?” என்றார். ஊருக்குள் எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான். தீபாவளி வந்தது, போனது. இலவச மனை வேறொரு கிளைக்காரருக்குப் போனது. சாமுவேல் சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடம் சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அவர் நன்றிப் பாட்டுத்தான் எடுத்தார். மாடியில் தட்டினார்கள். இந்தத் தடவை நாங்கள் நிறுத்தவில்லை.

மழை விட்டு ஒரு மாதம் இருக்கும். குமரேசன் சார் என்னை மறுபடியும் கூப்பிட்டு, மறுபடியும் கதவைச் சாத்தினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக் கைப்பையைக் கூட எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மேஜையில் இருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டே பேசினார். அவர் தங்கை கணவருக்கு இந்தப் பக்கம் வேலை மாற்றல் கிடைத்திருக்கிறதாம். மனை வாங்க வேண்டுமாம். நம் லே-அவுட்டோ, வேறு யாருடையதோ, நான் நல்லது என்று சொன்னால் மட்டும்தான் வாங்குவார்களாம். “பாலாஜி ஞாயித்துக்கெழமை சும்மாத்தான் சார் இருக்கான், அவனையும் அனுப்பட்டுமா?” என்று கேட்டேன். அவர் பதறிப்போய் நிமிர்ந்தார்.

“ஐயோ, வேணாம் மேடம்! நீங்களே கூட்டிக்கினு போங்க. அவனுக்கு இந்தத் தொழிலைக் கத்துக் குடுத்ததே நாந்தான்.”

கர்த்தரை நம்பினவர்களை அவர் கைவிடுவதில்லை என்பதற்கு நானே சாட்சி. மனை கொடுப்பாரா என்பதைப் பற்றி மட்டும்தான் அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.