பிரிக்காத ஏணிக்கு ஒரு பாராட்டு

கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், எங்கள் வீடு ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மழை, மஞ்சு மூட்டம், காட்டுப்பன்றி எல்லாம் தவறாமல் வந்து சேரும். போன் சிக்னல் மட்டும் வராது. பஸ் நிற்கும் மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு காட்டும், அதில் பேசலாம். வீடியோ பார்க்க வேண்டுமென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்க வேண்டும். புதன்கிழமை தோறும் நான் இறங்கினேன். உரம் வாங்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும் என்று வீட்டில் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் போனது வீடியோ பார்க்கத்தான்.

சினிமாவோ அரசியலோ இல்லை. வீட்டு வேலைக் கருவிகள். ஒரே கைப்பிடியில் பத்து முனை மாட்டும் ஸ்க்ரூ டிரைவர், சுவரில் ஓட்டை போடாமல் ஒட்டும் கொக்கி, பேட்டரியில் ஓடும் கையடக்க ரம்பம். அவற்றைவிட எனக்குப் பிடித்தது கீழே பார்வையாளர்கள் எழுதும் கமெண்டுகள். வீடியோக்காரர் விற்கிற ஆள், அவரை நம்ப முடியாது. பார்க்கிறவர்களுக்குப் பொய் சொல்வதில் என்ன ஆதாயம்? இதுதான் என் வாதம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கமெண்டுகளைத் திரை திரையாகப் படம் பிடித்துக்கொண்டு வந்து, மனைவி அரிசி புடைக்கும்போது உரக்கப் படித்துக் காட்டுவேன். அவள் முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் கமெண்ட் எழுதுகிறவர்களின் குணம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. வீடியோ வந்த அரை நிமிடத்துக்குள் சூப்பர் என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விலை பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. பின்னணி இசை காதைப் பிளக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் கவனிக்காத ஒருவர் எல்லா வீடியோவிலும் இருப்பார். பார்சல் நன்றாகக் கட்டியிருந்தது, இன்னும் பயன்படுத்தவில்லை, ஐந்து நட்சத்திரம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும். நான் மதித்தது ஒரே ஒரு வகையைத்தான். ரெண்டு வருஷமா வச்சிருக்கேன், ஒரு பிரச்சனையும் இல்லை என்று எழுதுகிறார்களே, அவர்களை. அப்படி எழுதியிருந்த ஒருவரை நம்பித்தான் ஒட்டும் கொக்கி வாங்கினேன். மஞ்சு இறங்கிய முதல் வாரமே அது குண்டாவோடு கீழே வந்தது. மனைவி அந்த இடத்தில் ஒரு ஆணியை அறைந்துவிட்டாள். அந்த ஆள் எங்கேயோ வறண்ட ஊரில் இருக்கிறார் போலிருக்கிறது என்று அவருக்காக நானே வக்காலத்து வாங்கினேன்.

இனி மிளகு விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இருப்பது சரிவான காடு. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறி நிற்கிறது. கிளை நறுக்கிய கணுக்களில் கால் வைத்து ஏறுகிற ஒற்றை மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதில் நின்றுதான் சரம் பறிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதில் ஏறுவது என் மனைவி. நான் கீழே தார்ப்பாய் விரித்து மேற்பார்வை செய்வேன். முழங்கால் வலி என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு உயரம் என்றால் பயம். மலையிலேயே பிறந்து ஐம்பத்து மூன்று வயது ஆனவன் இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த ஏணி வீடியோ கண்ணில் பட்டது. இழுத்தால் நீளும், அமுக்கினால் சுருங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும் அலுமினிய ஏணி. இரண்டு பக்கமும் கால், நடுவில் அகலமான படி. அதில் ஏறினால் மாடிப்படி ஏறுகிற மாதிரிதான் இருக்கும் என்று தோன்றியது. இருநூறுக்கு மேல் கமெண்ட். பெயின்ட் அடிக்க அருமை, மின்விசிறி மாட்ட அருமை, பரணில் இருந்து பாத்திரம் எடுக்க அருமை. மூன்று புதன்கிழமை உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்துவிட்டு வாங்கினேன்.

கூரியர்காரர்கள் மலை ஏறுவதில்லை. எங்கள் பக்கத்துப் பார்சல்களை எல்லாம் காளப்பநாயக்கன்பட்டியில் பாய் ஒருவரின் ஹார்டுவேர் கடையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் கடை வாசலில் அவருடைய ஏணிகள் சாத்தியிருக்கும். உள்ளே நாங்கள் ஆன்லைனில் வாங்கிய ஏணிகளுக்கு அவர் காவல் இருப்பார். அந்த மனுஷன் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அன்றும் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பஸ் வரும்வரை நிழலில் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். கையில் பெட்டி, போனில் நான்கு கோடு சிக்னல். வீட்டுக்குப் போய்விட்டால் எழுத முடியாது, அடுத்த புதன்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பள்ளத்தில் இருக்கிறவனுக்குப் பொருள் மேலே, கருத்து கீழே. எனவே கருத்தை முதலில் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கொல்லிமலையிலிருந்து எழுதுகிறேன், மிளகு பறிக்க இதைவிட நல்ல ஏணி கிடையாது, இனிமேல் மூங்கிலுக்கு வேலை இல்லை என்று எழுதினேன். பெட்டியின் நாடாவைக்கூட நான் அறுத்திருக்கவில்லை. பார்சலைப் புகழ்கிறவர்களைத் திட்டிய அதே ஆள்தான்.

மறுநாள் காட்டில் ஏணியை நிறுத்தினோம். ஒரு கால் மண்ணில் நின்றது, மறுகால் அந்தரத்தில் தொங்கியது. மனைவி ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். மூன்று படி ஏறினேன். கல் உருண்டது. ஏணி ஒரு பக்கம் போக, நான் காப்பிச் செடிகளுக்கு நடுவில் போய் விழுந்தேன். விலா இரண்டு வாரம் வலித்தது. அவள் என்னைத் தூக்கி உட்கார வைத்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, அந்த வீடியோவுல எழுதுனவங்க அத்தனை பேரும் ஊட்டுக்குள்ளார நிக்கறவங்க. சரிவுல நிக்கறவங்க ஒருத்தருமே எழுதலீங்களா?"

எழுதியிருந்தார். ஒரே ஒருவர். அது நான்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை அதை அழித்துவிடுவது என்று உறுதியோடு இறங்கினேன். போனைத் திறந்தால் வீடியோக்காரர் என் கமெண்டை எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைத்திருக்கிறார். கொல்லிமலை விவசாயியே சொல்லிவிட்டார் என்று கீழே ஒரு வரி வேறு. லைக் குவிந்திருந்தது. பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் இத்தனை பேர் ஒப்புக்கொண்டதில்லை. அடுத்த வாரம் அழித்துக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப் பையில் வைத்தேன். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே சொன்னேன்.

மூன்றாம் வாரம் என் கமெண்டுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார். திண்ணனூர் நாட்டுக்காரர். கணவர் கால் முறிந்து படுத்திருக்கிறாராம், இந்த வருஷம் மிளகுக்கு இவர்தான் ஏற வேண்டுமாம், மூங்கிலில் ஏறிப் பழக்கமில்லையாம். இந்த ஏணி சரிவில் நிற்குமா அண்ணா என்று கேட்டிருந்தார். நிற்காது என்று எழுத ஒரு நிமிடம் போதும். எழுதினால் மேலே குத்தி வைத்ததற்கு என்ன அர்த்தம்? நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, கைகூப்புகிற பொம்மை ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டேன். யாருக்கும் கெடுதல் செய்யாத பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த புதன் பாய் கடைக்குப் போனபோது, உங்கள் மலைக்கு இன்னொரு ஏணி வந்திருக்கிறது என்றார் அவர். என்னுடையது போலவே ஒரு பெட்டி. பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்து ஊர்ப் பேரைச் சொன்னார். திண்ணனூர் நாடு. பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்தப் பெண் இறங்குவதற்குள் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே ஏறிவிடுவார். அவருக்கு அடியில் காப்பிச் செடி இருக்கும் என்று என்ன நிச்சயம்?

பஸ்ஸில் அவர் சன்னல் ஓரம் உட்கார்ந்தார், நான் அவருக்குப் பின் இருக்கையில். பெட்டியை இருக்கைகளுக்கு நடுவே நடக்கிற வழியில் படுக்க வைத்திருந்தார். கண்டக்டர் தாண்டித் தாண்டி டிக்கெட் கொடுத்தார். மலை ஏற ஆரம்பித்ததும், ஒவ்வொரு வளைவிலும் பெட்டி சறுக்கிக்கொண்டு வந்து என் காலில் இடித்தது. முதல் பத்து வளைவு, கூட்டம் குறையட்டும் என்று இருந்தேன். கூட்டம் ஏறத்தான் செய்தது. அடுத்த பத்து வளைவு, எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். கமெண்ட் எழுத எனக்கு இவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள் பெட்டியில் என்ன என்று கேட்டார். ஏணி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மேற்கொண்டு விளக்கினார். தைரியமே வரவில்லையாம். கணவரும் வேண்டாம் என்று சொன்னாராம். கடைசியில் போனில் ஒரு கமெண்டைப் பார்த்துத்தான் மனசு வந்ததாம்.

"நம்ம மலைக்காரரு ஒருத்தரு எழுதியிருந்தாருங்க. கீழ்நாட்டுக்காரங்க ஆயிரம் சொல்லட்டும், மலைக்காரரு அனுபவிக்காம சொல்ல மாட்டாருங்க. நான் கேட்டதுக்குக்கூட கும்பிட்டுப் பதில் போட்டாரு. நல்ல மருவாதியான மனுசனுங்க."

எத்தனையாவது வளைவு என்று எண்ணுவதை அதோடு விட்டேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது இரண்டும் எரிந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பேசாமல் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மிணி, அந்த ஏணியில ஏறாதீங்க. சரிவுல நிக்காதுங்க. நான் விழுந்துட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நீங்களும் இதுதான் வாங்கினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் அந்த மலைக்காரருக்கு மட்டும் எப்படி நின்றது என்றார். அவருடைய குரலில் சந்தேகம் என் மேல்தான் இருந்தது. ஏறத் தெரியாத எவனோ ஒருவன் குறை சொல்கிறான் என்று பட்டிருக்கும்.

"அதை எழுதுனவன் நான்தானுங்க" என்றேன். "பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். நீங்க கேட்டப்ப விழுந்து எந்திரிச்சிருந்தேன். அப்பவும் சொல்லலீங்க."

பக்கத்து அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அந்தப் பெண் கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், சரம் சிவந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் விட்டால் குருவிக்கும் மண்ணுக்கும்தான், இப்போது நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். அவர் என்னிடம்தான் கேட்டார். கமெண்டில் கேட்ட மாதிரி இல்லை, முகத்துக்கு நேராக.

பெட்டியை நானே திரும்பக் கொண்டுபோய் அனுப்பி வைக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை என் மனைவியையும் மூங்கிலையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவள் ஏறிப் பறித்துத் தருவாள், முடிகிற வரைக்கும் வருவோம் என்றேன். மனைவியைக் கேட்காமலே அவள் உழைப்பை எடுத்து நீட்டுகிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அவங்க ஏறுவாங்க, சரி. நீங்க ஏற மாட்டீங்களாங்க?"

முழங்கால் வலி என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். பஸ்ஸில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

"எனக்கு ஏறறதுன்னா பயமுங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. செம்மேடு வந்தது. அங்கே இறங்கி அவர் வேறு பஸ் பிடிக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியை எடுக்கவில்லை. காலால் என் பக்கமாக நகர்த்திவிட்டு, படியில் இறங்குவதற்கு முன்னால் திரும்பிச் சொன்னார்.

"எனக்கும் பயந்தானுங்க. அதனாலதான நீங்க எழுதுனதை நம்புனேன்."