ஷீலா பேருக்கு ஓர் அர்ச்சனை

அந்த வருடம் தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் ஷீலா எழுந்து நிற்க மாட்டாமல் படுத்துவிட்டாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் லேசாக ஆடும். அதைப் பார்த்து நான் அழுத அழுகை முருகனுக்குத்தான் தெரியும்.

ஷீலா எங்கள் நாய். அல்சேஷன் ஜாதி, ஜெர்மன் ஷெப்பர்டு என்றும் சொல்வார்கள். அவளோடு ரெக்ஸ் என்று ஓர் ஆண் நாயும் வந்தது. சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் என் வீட்டுக்காரருக்கு டிரைவர் வேலை. அவர் வண்டியோட்டிய வெள்ளைக்கார அதிகாரியின் குடும்பம் ஊர் திரும்பியபோது நாய்களைக் கப்பலில் கொண்டுபோக வழியில்லை. யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதாக ஏற்பாடு. இவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாலை இரண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இந்தச் சின்ன வீட்டில் நாம் படுப்பதா, இதுகள் படுப்பதா என்று கத்தினேன். உள்ளுக்குள் வேறொரு வேதனையும் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவள் நாயைத் தத்தெடுத்துக்கொண்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். பேசவும் செய்தார்கள். நன்றாகப் பேசட்டும்.

ரெக்ஸ் சரியான திருடன். ஷீலா அப்படியில்லை. நான் துணி துவைத்தால் குழாயடியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கட்டிலை விட்டு நகரவே இல்லை. வேற்று ஆள் கையால் எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று அந்த வெள்ளைக்காரம்மா பழக்கி வைத்திருந்தார்கள். வந்த புதிதில் என் கையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என் கை என்றால்தான் சாப்பாடு என்று ஆகிவிட்டது. வந்த சில மாதத்திலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள்.

அந்த வருடம் இவர் பிள்ளை வரம் கேட்டுக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். வீடு முழுக்க விரதம். சட்டி பானையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். கறி, மீன் வாசல் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். நாய்களுக்கும் அதே சட்டம்தான். காலையில் தயிர் சாதம், மாலையில் பருப்பு சாதம். எங்கள் வீட்டு நாய்கூட விரதம் இருக்கிறது என்று குழாயடியில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ரெக்ஸ் அந்தப் பெருமைக்குக் கட்டுப்படவில்லை. சீனர் வீட்டுப் பின்புறம் போய் மீன் தலையைத் தின்றுவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி படுத்துக்கொள்வான். ஷீலா மட்டும் நான் வைத்ததைத் தின்று எலும்பும் தோலுமானாள். அந்த நேரம் பார்த்து உண்ணிக் காய்ச்சலும் வந்துவிட்டது.

இவர் நண்பரின் வேனில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டார். உடம்பில் ரத்தமே இல்லை, ஈரலும் கறியும் கொடுங்கள், இல்லாவிட்டால் பிழைக்காது என்று இங்கிலீஷில் சொன்னதை இவர் எனக்குத் தமிழில் சொன்னார். என் தலையில் இடி விழுந்தது. தைப்பூசம் முடியும்வரை அவள் தாங்க மாட்டாள். கறி கொடுத்தால் விரதம் கெடும். விரதம் கெட்டால் பிள்ளை வரம் என்னாவது? யாருக்காவது இப்படி ஒரு சோதனை வருமா?

மறுநாள் பஸ் ஏறி டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் வழக்கம்போல யார் பேருக்கு என்று கேட்டார். ஷீலா என்றேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க பொண்ணா? உடம்புக்கு முடியலையா?"

"ஆமா சாமி. எங்க பொண்ணுதான்."

அந்த வார்த்தையை என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை சொன்னேன். கண் பொலபொலவென்று கொட்டியது. அதற்கு முன் அந்தச் சந்நிதியில் நின்றபோதெல்லாம் பிள்ளை வேண்டும் என்றுதான் கேட்பேன். அன்று அது நினைவுக்கே வரவில்லை. "முருகா, இவளைக் கொடு, எப்படியாவது கொடு" என்று மட்டுமே கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அடுத்த வீட்டு ஜமீலா லாத்தா வேலியோரம் நின்றார். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அக்காவை லாத்தா என்பார்கள். அவருக்கு அது நோன்பு மாதம். காலையில் வேலைக்குப் போகிற வழியில் இவர் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"நீ கறியத் தொட மாட்டே, நான் நாயத் தொட மாட்டேன். அதுக்காக அந்த ஜீவன் சாகணுமா? எங்க அடுப்பில ஈரல் வேக வச்சிட்டேன். சட்டியத் திருப்பித் தர வேணாம் லா."

பச்சைத் தண்ணீர் பல்லில் படாத வாயோடு, பகல் முழுக்க அந்த வாசனையை முகர்ந்துகொண்டு என் நாய்க்குச் சமைத்திருக்கிறார். முருகன் மயிலில்தான் வருவான் என்று யார் சொன்னது?

சட்டியை ஷீலா முன்னால் வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். வேற்று ஆள் சமைத்ததை நானே கையால் ஊட்டினால்தான் தின்பாள் என்று எனக்குத் தெரியும். ஈரலைத் தொட்டால் விரதம் போய்விடும். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று ஈரலைப் பிசைந்து எடுத்து அவள் வாயருகே நீட்டினேன். முகர்ந்தாள். ஒரு துண்டு. பிறகு இன்னொரு துண்டு. கடைசியில் என் விரலை நக்கினாள்.

வேலை முடிந்து இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். உங்கள் விரதத்தைக் கெடுத்துவிட்டேன் என்றேன்.

இவர் ஷீலா பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் காதைத் தடவினார். "குளிச்சா சுத்தமாயிடலாம் பாக்கியம். உசுரு போனா வராது. நீ தினமும் குடு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

லாத்தா தினமும் சமைத்தார். நான் தினமும் ஊட்டினேன், குளித்தேன், விளக்கேற்றினேன். ஈறில் மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பியது. தைப்பூசத்தன்று இவர் சிராங்கூன் ரோட்டிலிருந்து காவடி தூக்கி டேங்க் ரோடு போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து வாசலில் நுழையும்போது ஷீலா தள்ளாடித் தள்ளாடி எழுந்து, தன் காலாலேயே நடந்து அவரிடம் போனாள். இவர் விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசினார்.

அதன் பிறகும் அவள் பல வருடம் இருந்தாள். தளத்திலிருந்து குடும்பங்கள் ஊர் திரும்பத் திரும்ப, விட்டுப்போகிற நாய்களை எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவார்கள். இடமில்லை என்று நான் சொன்னதில்லை. கோபம் மட்டும் படுவேன், அது என் சுபாவம். விரத காலத்திலும் அதுகளுக்கு வேண்டிய கறி தனிச் சட்டியில் வேகும்.

உங்களுக்குச் சொல்கிறேன். நாய்க்காகவா, பூனைக்காகவா, இதற்கெல்லாமா சாமியைத் தொந்தரவு செய்வது என்று யோசிக்காதீர்கள். மனசு எதற்காகத் துடிக்கிறதோ அதையே வாய்விட்டுக் கேளுங்கள். உதவி எந்த வேலி தாண்டி வரும் என்று நமக்குத் தெரியாது. வந்தால் கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறக்கவில்லை. ஆனால் அன்று சந்நிதியில் என் பெண்ணைத்தான் கேட்டேன். அவளை முருகன் திருப்பிக் கொடுத்தான்.